எண்ணெய் பட்ட துணி

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களே, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது பக்திக் கதை இல்லை, துணியைப் பற்றியது. ஆவடிப் பக்கம் குவார்ட்டர்ஸில் வளர்ந்த நமக்குத் துணியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சாயங்காலம் ஃபாக்டரிச் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் வெள்ளமாக வரும். அதில் எது நம் அப்பாவுடையது என்று மணிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவோம். வந்து இறங்கும் அப்பாவின் முழங்கை மயிரிலெல்லாம் பச்சை நூல் தூசி ஒட்டியிருக்கும். ஞாபகம் இருக்கிறதா?

என் அப்பாவுக்கு ராணுவ உடுப்புக்குத் துணி வெட்டுகிற வேலை. அம்மா வீட்டில் மாதா கோயில் சாமியார்களுக்குப் பூசை உடுப்பு தைப்பாள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கழுத்துக்கு ஓர் ஓட்டை விட்டு, முன்னும் பின்னும் தொங்குகிற பெரிய மேலாடை அது. நிறம் காலத்துக்கு ஏற்ப மாறும். தவக்காலத்துக்கு ஊதா, பெரிய திருநாளுக்கு வெள்ளை, வேதத்துக்காக உயிர் விட்டவர்களின் நாளுக்குச் சிவப்பு. ஒன்றும் இல்லாத சாதாரண ஞாயிறுக்கெல்லாம் பச்சை. வருடத்தில் பாதிக்கு மேல் சாதாரண ஞாயிறுதான்.

"அங்கேயும் பச்ச, ஊட்டுக்கு வந்தாலும் பச்ச. எனுக்கு சோறே பச்சையாத் தெரியுது" என்று அப்பா புலம்புவார்.

உடுப்புக்கு உள்ளே வைக்கும் லைனிங் துணியில் மிச்சம் விழுவது எனக்கு உள்பாவாடை ஆகும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்துப் பெஞ்சுக்காரி என் பாவாடை ஓரத்தைப் பார்த்தே, "உங்களுக்கு உபவாசம் ஆரம்பிச்சிட்டாங்களா?" என்று கேட்பாள். அவள் முருக பக்தை. எங்கள் கோயில் காலண்டரை என்னைவிட நன்றாக அறிந்திருந்தாள்.

அம்மா சின்ன வயதில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு கன்னியர் மடத்தில் தங்கிப் படித்தவள். வகுப்பில் இருந்ததைவிடத் தையல் கூடத்தில்தான் அதிகம் இருந்தாளாம். தையலோடு மடத்துச் சட்டதிட்டங்களையும் கையோடு கொண்டுவந்துவிட்டாள். பூசை உடுப்பு தைக்கும்போது பேசக் கூடாது. நூலைப் பல்லால் கடிக்கக் கூடாது. ஊசியில் நூல் கோக்க எச்சில் தொடக் கூடாது. அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் தைக்கும்போது இதில் ஒன்றும் கிடையாது. எச்சில், கடி, ஏச்சு எல்லாம் உண்டு.

இவற்றுக்கெல்லாம் மேலான சட்டம் ஒன்று இருந்தது. பூசைப் பாத்திரத்தைத் துடைக்கிற சின்னத் துணிகளை உபதேசியார் வாராவாரம் ஒரு பையில் கொண்டுவந்து கொடுப்பார். உபதேசியார் என்றால் கோயில் வேலையெல்லாம் பார்க்கிறவர். அந்தத் துணிகளைச் சோப்புப் போடுவதற்கு முன்னால் வெறும் தண்ணீரில் அலச வேண்டும். அலசிய தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது, மண்ணில்தான் ஊற்ற வேண்டும். ஆண்டவரைத் தொட்ட துணி, அதில் பூசை அப்பத்தின் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் அது சாக்கடைக்குப் போகலாமா என்பது கணக்கு. எங்கள் வீட்டுப் பின்பக்கம் துவைக்கும் கல்லை ஒட்டி ஒரு கறிவேப்பிலை மரம் இருந்தது. தண்ணீர் அதன் அடிக்குப் போகும். பழைய பூசை உடுப்புகள் ரிப்பேருக்கு வந்தால், பிரித்தெடுத்த ஜரிகை, இற்றுப்போன சிவப்புப் பட்டுநூல் எல்லாவற்றையும் அம்மா அதே மரத்தடியில் தோண்டிப் புதைப்பாள். மந்திரித்த துணி, குப்பையில் போடக் கூடாது.

அந்த மரம் காட்டுத்தனமாக வளர்ந்தது. குவார்ட்டர்ஸ் முழுக்க அதில்தான் இலை பறித்தார்கள். எதிர் வரிசையில் குடியிருந்த அம்மன் கோயில் பூசாரி வீட்டுக் குழம்பிலும் எங்கள் மரத்து இலைதான் மணக்கும். அம்மா யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

நான் சொல்ல வந்த கோடையில் எங்கள் அத்தை மகனுக்குக் குருப்பட்டம், அதாவது சாமியாராகிற சடங்கு. அத்தை அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. மேனாம்பேட்டில் இருந்தாள். அங்கே வயல் இருந்த காலத்தில் நாற்று நட்டவள், வயல் போன பிறகு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் திருகாணிகளைப் பெட்டியில் போட்டு ஒட்டுகிற வேலைக்குப் போனாள். புருஷன் சீக்கிரமே போய்விட்டார். ஒரு மகள், ஒரு மகன். மகன் செமினரிக்குப் போகிறேன் என்றபோது சொந்தக்காரர்களெல்லாம், "ஒத்தப் பையன உட்டுட்டு இன்னா பண்ணுவே?" என்று கேட்டார்கள். அத்தை, "அவன் போற எடம் நல்ல எடம்தானே" என்று மட்டும் சொன்னாளாம். அவளுக்கு அழ நேரமில்லை, மறுநாள் ஷிப்டு இருந்தது.

மகனுடைய பட்டத்து உடுப்பை அம்மாதான் தைக்க வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள். பட்டாபிராமில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, சவுகார்பேட்டைக்கு நடந்தோம். அம்மா, அத்தை, நான். வெயில் மண்டையைப் பிளந்தது. கடையில் மெத்தைமேல் உட்கார்ந்திருந்த சேட்டு, பூ வேலை செய்த வெள்ளைப் பட்டுத் துணியையும் தங்க ஜரிகைப் பட்டையையும் எடுத்துப் போட்டுவிட்டு, "கல்யாணமா அம்மா?" என்று கேட்டார்.

"என் புள்ளைக்கு" என்றாள் அத்தை.

"பேஷ். பொண்ணுக்கு இன்னா கலர் எடுக்கறது?"

"பொண்ணு இல்ல."

சேட்டு அளவுகோலைக் கீழே வைத்துவிட்டார். அம்மா விஷயத்தை விளக்கினாள். சேட்டு ஜரிகைப் பட்டையில் ஒரு முழம் சேர்த்து வெட்டி, "சாமி காரியம்" என்றார். அத்தை கடையை விட்டு இறங்கும்வரை முகத்தை விறைப்பாக வைத்திருந்து, தெருவுக்கு வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் அவள் சிரித்துப் பார்த்தது அன்றுதான்.

தவக்காலம் முழுக்க எங்கள் வீட்டு முன்னறையில் அந்த வெள்ளைப் பட்டுதான் குடியிருந்தது. எண்ணெய்க் கையோடு யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. வடை தின்றால் வெளியே நின்று தின்ன வேண்டும். அம்மா வெண்ணெய்த் தாளில் படம் வரைந்து, கோடு நெடுகக் குண்டூசியால் குத்தி, தாளைத் துணிமேல் பரப்பி, மண்ணெண்ணெயில் நீலம் குழைத்துப் பஞ்சால் தேய்ப்பாள். தாளை எடுத்தால் துணியில் புள்ளிப் புள்ளியாகப் படம் வந்திருக்கும். அந்த மண்ணெண்ணெய் வாடை இப்போது எங்கே வந்தாலும் எனக்குப் பூசை ஞாபகம்தான் வருகிறது.

முதுகில் ஆட்டுக்குட்டி. முன்னால் திராட்சைக் கொத்தும் கோதுமைக் கதிரும். மடத்தில் சொல்லிக்கொடுத்த படம் அதுதான். ஆட்டுக்குட்டி சரியாக வரவில்லை. அப்பா வேலையிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் குனிந்து பார்த்து, "நாய்க்குட்டி ஜோராக் கீதே" என்றார். அன்று இரவு அவருக்குச் சோறு தாமதமாகத்தான் வந்தது. ஆட்டுக்குட்டியின் காதுகளை அம்மா பிரித்து மறுபடி தைத்தாள்.

கோதுமைக் கதிரை அம்மா வாழ்நாளில் பார்த்ததில்லை. கோதுமை ரேஷன் கடையில் மூட்டையில் வருவது, அவ்வளவுதான் தெரியும். அத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தாள். தங்க நூலில் தலை சாய்ந்து தொங்கிய கதிர்மேல் படாமல் விரலை ஓட்டினாள்.

"ஏம்மே, இது கிச்சிலி சம்பா மாதிரி கீது."

"கோதுமை, அண்ணி."

"நான் அறுத்துக் கட்டினவ. எனுக்குத் தெரியாதா? நெல்லுதான் இது. இருக்கட்டும், பிரிக்காதே. அவன் அந்தச் சோறு துன்னுதானே வளந்தான்."

அம்மா பிரிக்கவில்லை.

அளவெடுக்க அத்தை மகனே வந்தான். ஒல்லியாக, காது மட்டும் பெரிதாக இருப்பான். மார்பளவு இடுப்பளவு எதுவும் கேட்காமல் தோளிலிருந்து தரைவரை ஓர் அளவு மட்டும் அம்மா எடுத்ததைப் பார்த்து அப்பாவுக்குத் தாங்கவில்லை. "ஆளப் பாக்காம வெட்டற துணி இன்னா துணி?" என்றார். "குண்டா இருந்தாலும் ஒல்லியா இருந்தாலும் ஆண்டவர் முன்னாடி ஒரே அளவுதான் மாமா" என்று அவன் சொன்னான். அப்பா அதற்கும் தலையை ஆட்டவில்லை. கடைசியில் அளவு தப்பத்தான் செய்தது. காரணம், அன்று அவன் தடித்த செருப்போடு நின்றிருந்தான்.

இப்போது அந்தத் துணிக்கு வருகிறேன். பட்டத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் அத்தை வந்து, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்.

"பட்டம் குடுக்கற ஆயர் அவன் கையில எண்ணெ பூசுவாராமே. பூசிட்டு ரெண்டு கையயும் சேத்து ஒரு துணியால கட்டுவாங்களாம். அப்பால பெத்தவ போய் அவுக்கணுமாம். அந்தத் துணி அம்மாவுக்குத்தானாம். நான் செத்தா என் கையில வெச்சி அனுப்புவாங்களாம். அத்தயும் நீயே தெச்சுக் குடேன்."

"இதுக்கா இவ்ளோ யோசிச்சீங்க?"

"மேல போனா ஆண்டவரு கேப்பாருல்ல, உனுக்குப் புள்ளயக் குடுத்தேனே, நீ இன்னா கொண்டாந்தேன்னு. எனுக்குப் படிப்பா, பேச்சா? இத்தக் காட்டிட்டுப் போய்க்கினே இருப்பேன்."

மாதக்கணக்காகப் பட்டோடு மல்லுக்கு நின்ற அம்மா, இதை உலையில் அரிசி வெந்துகொண்டிருந்தபோது தைத்து முடித்தாள். பூசை உடுப்புக்கு உள்ளே போடுகிற வெள்ளை அங்கி வெட்டியதில் மிச்சம் விழுந்த பருத்தித் துணி. நீளமாக ஒரு பட்டை, நாலு ஓரமும் மடித்துக் கைத்தையல், ஒரு மூலையில் சின்னதாகச் சிவப்புச் சிலுவை. வேறொன்றும் இல்லை.

பட்டம் கொடுத்த நாளில் கோயில் நிரம்பி வழிந்தது. நான் ஒரு தூணைக் கட்டிக்கொண்டு நின்றேன். அத்தை மகன் பீடத்துக்கு முன்னால் தரையில் குப்புறப் படுத்தான். பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன், "செத்துட்டாரா?" என்று கேட்டு அடி வாங்கினான். பிறகு அத்தை மகன் எழுந்து, அம்மா தைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு நடந்தபோது ஓரம் காலில் தட்டியது. அம்மா பக்கத்தில் "ஐயோ" என்றாள். ஆயர் அவன் உள்ளங்கைகளில் எண்ணெயை ஊற்றித் தேய்த்தார். நெல்லிக்காய் அளவு பாட்டில்தான், ஆனால் அந்த வாசனை எங்கள் தூண்வரை வந்தது. பச்சிலையும் சாம்பிராணியும் கலந்த மாதிரி ஒரு வாசனை. கைகளைச் சேர்த்துக் கட்டினார்கள். அத்தை படியேறிப் போய் அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. அவிழ்த்ததும் எல்லாருக்கும் முன்னால் துணியை மூக்கில் வைத்து மோந்தாள். ஆயர்கூடச் சிரித்துவிட்டார்.

மேனாம்பேட்டில் பந்தல் போட்டு பிரியாணி. அத்தை வீடு ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும். கால் வைக்க இடமில்லை, எல்லார் கையிலும் கறி. அத்தை அம்மாவைச் சுவரோரம் இழுத்துப் போய், ஓரம் தட்டிய உடுப்போடு அந்தத் துணியையும் மடியில் வைத்தாள்.

"இங்க வெச்சா எவனாச்சும் கை தொடச்சிருவான். ரெண்டயும் நீ எடுத்துக்கினு போ. ஓரத்த அடிச்சி வையி, அவன் மொதல்ல வெக்கற புதுப்பூசைக்கு முன்னாடி வந்து வாங்கிக்கிறேன். பத்திரம்மே."

"கவலப்படாதீங்க அண்ணி" என்றாள் அம்மா.

மறுநாள் காலை அம்மா அந்தத் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கைகள் எண்ணெயில் அப்படியே பதிந்திருந்தன. விரல் விரலாகத் தெரிந்தது. நானும் பார்த்தேன். அம்மா "ச்சு" என்றாள். சவப்பெட்டிக்குப் போகிறவரைக்கும் பெட்டியில் இருக்க வேண்டிய துணி. எண்ணெயோடு மடித்து வைத்தால் பழுப்பேறும், கரப்பான் வரும், இற்றுப்போகும். தையல்காரிக்கு இதெல்லாம் தெரியும். அம்மா மடத்துச் சட்டப்படி ஒரு குறையும் வைக்காமல் செய்தாள். புது வாளியில் தண்ணீர் பிடித்து, வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டு அலசினாள். அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு சிந்தாமல் கறிவேப்பிலை அடியில் ஊற்றினாள். எண்ணெய் போகவில்லை. வெந்நீர் வைத்து மறுபடி அலசி, அதையும் அங்கேயே ஊற்றினாள். பிறகுதான் சோப்பு, நீலம், கஞ்சி. கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, மூன்றாக மடித்து வெண்ணெய்த் தாளில் வைத்தபோது அது பால் மாதிரி இருந்தது. அம்மாவுக்குத் திருப்தி. எங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

அத்தை வந்தாள். உடுப்பை விரித்துப் பார்த்து ஓரத்தைத் தடவினாள். பிறகு சின்னப் பொட்டலத்தைப் பிரித்து, துணியை எடுத்து, அன்று போலவே மூக்கில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"இது வேற துணி."

"அதேதான் அண்ணி. பாருங்க, செவப்புச் சிலுவ."

"எண்ணெ எங்கம்மே?"

அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அடுப்பில் எதையோ தீய விட்டவள் மாதிரி வாயைத் திறந்து மூடினாள்.

"அழுக்கா இருந்துச்சுன்னு... கெட்டுப்போயிடும்னு..."

"அழுக்கா? என் புள்ள கையிலிருந்த எண்ணெ உனுக்கு அழுக்கா?" அத்தை கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "கஞ்சி வாசன வருது. கஞ்சி வாசனைய எடுத்துக்கினு போய் அவுருகிட்ட இன்னான்னு சொல்றது? பக்கத்து ஊட்டு சலவத் துணின்னா?"

"தண்ணியச் சாக்கடைல விடல அண்ணி. சத்தியமா. அந்த மரத்தடியிலதான் ஊத்தினேன்."

"பெத்த வயிறு எரியுதும்மே" என்றாள் அத்தை.

எழுந்தாள். வாசல் பக்கம் போகாமல் பின்கதவு வழியாக வெளியே போனாள். கறிவேப்பிலை மரத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை வாரினாள்.

அம்மா பாய்ந்துபோய்ப் பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு, என் தலையைத் தன் வயிற்றில் அழுத்திக் காதைப் பொத்தினாள். வயிறெரிந்தவள் மண்ணை வாரினால் எதற்கு என்று நமக்கெல்லாம் தெரியும். தூற்றத்தான். அதிலும் சாமியாரைப் பெற்றவள் தூற்றினால் குடும்பம் விளங்குமா?

நான் கையை விடுவித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினேன். அத்தை மண்ணை முந்தானையில் போட்டு முடிந்துகொண்டிருந்தாள். பிறகு பக்கவாட்டுச் சந்து வழியாக, உடுப்பையும் துணியையும் மார்போடு அணைத்தபடி, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

"தூத்தலம்மா. முடிஞ்சி எடுத்துக்கினு போறாங்க" என்றேன்.

"கோயில் வாசல்ல வெச்சித் தூத்தப் போறாங்கடி" என்றாள் அம்மா. அது இன்னும் மோசம் என்பது போல அவள் குரல் இருந்தது.

சாயங்காலம் அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கறை இருந்தா நாங்ககூடத்தான் ரிஜெக்ட் பண்ணுவோம். அக்காவுக்கு ஒண்ணும் தெரியல" என்றார். அம்மாவைச் சமாதானப்படுத்த அவர் கண்ட வழி அது. உபதேசியார் துணி கொடுக்க வந்தவர் விஷயம் தெரிந்துகொண்டு, கோயிலில் அதே எண்ணெய் இருக்கிறது, ஒரு சொட்டு தொட்டு வைத்துவிடலாம், யாருக்குத் தெரியும் என்றார்.

"அது அவன் கையத் தொட்ட எண்ணெ இல்லியே" என்றாள் அம்மா. அத்தையிடமும் உபதேசியார் இந்த யோசனையைச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அத்தையும் ஏறக்குறைய அதே வார்த்தையைத்தான் சொன்னாளாம். இரண்டு பேரும் ஒரே மாதிரி நினைத்தார்கள். ஆனால் ஒருத்தி வாசலுக்கு இன்னொருத்தி போகவில்லை.

மேனாம்பேட்டில் புதுப்பூசைக்கு நானும் அப்பாவும்தான் போனோம். உடுப்பின் ஓரம் இந்தத் தடவை தட்டவில்லை. நெற்கதிர் வெளிச்சத்தில் மின்னியது. பூசை முடிந்து புதுச் சாமியார் என் தலையில் கை வைத்து, "மாமி ஏன் வரல?" என்று கேட்டார். அவர் கையில் அந்த வாசனை இருக்கிறதா என்று மோந்து பார்த்தேன். சந்தன சோப்பு வாசனைதான் வந்தது. அத்தை பந்தியில் எனக்குக் கறித் துண்டாகப் பார்த்துப் போட்டாள். அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அம்மாவுக்கு அது மண் வாரியதால் நடந்ததுதான். அப்பாவின் விரல் நுனி சைக்கிள் செயினில் மாட்டிப் போனது. அண்ணன் கணக்கில் கோட்டை விட்டான். எனக்கு வரன் தட்டிக்கொண்டே போனது. ஒவ்வொரு தடவையும் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, "அன்னிக்கு வாரின மண்ணு" என்பாள். கல்யாணம், சாவு என்று இரண்டு பேரும் எங்கேயாவது பார்த்துக்கொள்வார்கள். "நல்லா கீறியா?" "இருக்கேன் அண்ணி." அதோடு சரி. அம்மா உடுப்பு தைப்பதை விடவில்லை. ஆனால் பட்டத்துத் துணி என்று யார் வந்து கேட்டாலும், "கடையில வாங்கிக்குங்க" என்று சொல்லிவிடுவாள். எனக்குக் கல்யாணமாகி அயனம்பாக்கம் வந்தேன். அப்பா போன பிறகு அம்மாவும் என்னோடு வந்துவிட்டாள்.

போன மழைக்காலத்தில் அத்தை இறந்துபோனாள். நல்ல சாவு, காலையில் காபி குடித்துவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அம்மாவுக்கு இப்போது நடக்க ஒரு கை பிடிக்க வேண்டும். "நான் வரலடி" என்றவள், நான் புடவை மாற்றி வருவதற்குள் வெள்ளைப் புடவை கட்டி நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

மேனாம்பேட்டில் அந்த ஓர் அறை வீடு மாடி வீடாகியிருந்தது. அத்தை பெட்டியில் இருந்தாள். அத்தை மகன் தலை முழுக்க வெளுத்து, காதுகள் மட்டும் பழையபடி பெரிதாக நின்றிருந்தார். பெட்டியை மூடுவதற்கு முன்னால் அத்தை மகள் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள்.

"இத்த யாரயும் தொட உட மாட்டாங்க அம்மா. போறப்ப கையில வெச்சிருங்கன்னு மட்டும் சொல்லிக்கினே இருப்பாங்க."

வெண்ணெய்த் தாள் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே அந்தத் துணி. பழுப்பேறியிருந்தது. மூலையில் சிவப்புச் சிலுவை, ஓரமெல்லாம் அம்மாவின் கைத்தையல், ஓர் இழைகூடப் பிரியவில்லை. நடுவில் உருண்டையாக எதையோ வைத்து இறுக்கி முடிந்திருந்தது. சாமியார் தன் கையைக் கட்டிய துணி என்று அடையாளம் கண்டு, அதைத் தாயின் கைகளில் சுற்ற வேண்டும் என்று முடிச்சை அவிழ்த்தார். மண் கொட்டியது. அத்தையின் வெள்ளைப் புடவைமேல் கொஞ்சம் சிதறியது.

"இன்னாத்துக்கு மண்ணக் கட்டி வெச்சிருக்காங்க?" என்றாள் அத்தை மகள்.

"தெரியல. உதறி எடுத்துட்டு வர்றேன்" என்று சாமியார் துணியின் நாலு மூலையையும் கூட்டிப் பிடித்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பினார்.

"கொட்டாதீங்க சாமி!"

என் கையைப் பிடித்திருந்த அம்மா, அதை உதறிவிட்டுத் தானாக நடந்து போனாள். துணிக்குள் விரலை விட்டுக் கிளறினாள். கறுத்த மண்ணில் ஒரு ஜரிகைத் துண்டும், நகத்தளவு சிவப்புப் பட்டுநூலும் வந்தன. அம்மா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"எங்க கறிவேப்பில மரத்து மண்ணு."

"மண்ணாச்சே மாமி, பெட்டியில எதுக்கு?"

"உங்க கையிலிருந்த எண்ணெ இதுலதான் சாமி இருக்கு. துணியில இல்ல. நான் அலசி இதுலதான் ஊத்தினேன்."

சாமியார் பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, புடவைமேல் சிதறியதையெல்லாம் விரலால் தொட்டுத் தொட்டு எடுத்துத் துணியில் சேர்த்தார். முடிச்சை அம்மாவிடம் நீட்டினார். அம்மாவால் இறுக்க முடியவில்லை, இரண்டு பேரும் சேர்ந்து கட்டினார்கள். அத்தையின் கைகளுக்கு நடுவில் வைத்தார்கள். கோழிமுட்டை அளவுதான் இருந்தது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஏரிக்கரை வந்ததும், "தூத்தலடி அவங்க" என்றாள்.

"அப்போ அப்பா விரல்?"

"அது சைக்கிள் செயின்ல போச்சு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "இத்தனை வருஷத்துல அத்தை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"எப்படிச் சொல்லுவாங்க?" என்றாள் அம்மா. "நான்தான் கதவச் சாத்திட்டேனே."